எட்டாம் வகுப்பில் எங்கள் வீட்டுக்கு விழுந்த பாடு

பள்ளிக்கூடத்து விழா மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும், ‘எட்டாம் வகுப்பில் நாங்கள் என்ன படித்தோம்’ என்பதுதான் தலைப்பு என்று நம் வகுப்புத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு போட்டிருக்கிறார். அன்றைக்கும் அவர்தான் தலைவர், இன்றைக்கும் அவர்தான். தலை வழுக்கையாகியும் பதவி போகவில்லை. ‘நல்ல விஷயமாக எழுதவும்’ என்று கீழே ஒரு வரி வேறு. அது யாருக்காகப் போட்டது என்று எனக்குத் தெரியாதா? குழுவில் கும்பிட்ட கையும் பூங்கொத்துமாக வந்து குவிகிறது, எழுதத்தான் ஒருவரையும் காணோம். சரி, நானே ஆரம்பிக்கிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், தலைவரே.

என்னதான் படித்தோம்? தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல். சோஷியல் புத்தகத்தில் டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து கோட்டை கட்டினார்கள் என்று ஒரு பாடம். அதில் ஒரே ஒரு வரியில் பழவேற்காடு என்று நம் ஊர்ப் பேர். எல்லாரும் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுப் போட்டே தாளைக் கிழித்தோம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு வரலாறு புத்தகத்தோடு சரி. நாம் டச்சுக்காரன் கல்லறை மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவர்கள். எலும்புக்கூடு செதுக்கின கல்லுக்குப் பக்கத்தில் நிழல் அதிகம் என்று அங்கே இடம் பிடிக்க ஓட்டம் வேறு. ஆடுகள் நமக்கு முன்னால் போய்ப் படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பெண்களுக்குத் தையல், பையன்களுக்குத் தோட்டம். உப்பு மணலில் வெண்டைக்காய் போடச் சொன்னார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றியும் ஒரு காய் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தையலில் நான் அடித்த பித்தான் ஓட்டைக்குள் என் கட்டைவிரலே போய் வரும்.

மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தால் வகுப்பு முழுக்க எழுந்து நின்று மாதாவுக்குச் செபம் சொல்ல வேண்டும். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண். ஆனாலும் அந்தச் செபம் எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் இன்றைக்கும் வரும். பொன்னேரியில் என் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது, எங்கேயாவது பன்னிரண்டு மணி அடித்தால் கரண்டி தானாக நின்றுவிடுகிறது.

வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உள்ளே மறைக்கல்வி, மற்றவர்களுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நீதிபோதனை. நீதிபோதனை நடத்த வேண்டியவர் டிரில் மாஸ்டர். ‘பொய் சொல்லாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். நான் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவேன். உள்ளே சிஸ்டர் நடத்துகிற பாடத்தில் படகு வரும், வலை வரும், புயல் வரும். வேறு எந்தப் புத்தகத்திலும் நம் பழவேற்காட்டு ஏரிக்காரர்கள் அளவுக்கு மீன் வாடை அடிக்கிற ஆட்கள் வரவில்லை.

சிஸ்டர் நம் வகுப்பு ஆசிரியை, சயின்ஸும் அவர்தான். நாகர்கோவிலுக்கு உள்ளே எங்கேயோ வாழைத் தோட்டத்து ஊர். மீன் சாப்பிடத் தெரியும், மீன் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள், ராத்திரி முழுக்க ஒரு மீனும் கிடைக்காத சீடர்களை ஆண்டவர் படகுக்கு வலது பக்கம் வலை போடச் சொன்னார், வலையை இழுக்க முடியாத அளவுக்கு மீன் விழுந்தது என்று கதையைச் சொல்லி முடித்தார். நம் தலைவர் எழுந்து நின்றார்.

“சிஸ்டர், அந்த வலது பக்கம் அன்னிக்கு யாரு பாடு?”

சிஸ்டருக்குப் புரியவில்லை. அதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை ஆரம்பித்துவிட்டது. இன்னொருத்தன் பாடு என்றால் அங்கே வலை போட்டது தப்பு, ஆண்டவரே சொன்னாலும் தப்பு என்று ஒரு கட்சி. அது அவங்க பாடாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் படகுக்காரன் சும்மா விட்டிருப்பானா என்று இன்னொரு கட்சி. ஆண்டவரையே குற்றம் சொல்கிறார்கள் என்று சிஸ்டர் எல்லாரையும் முட்டி போட வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் சிரித்த சிரிப்பில் டிரில் மாஸ்டர் விழித்துக்கொண்டார்.

மலரை வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னார் வீட்டுக்கு என்று முறை வைப்பார்கள். அதுதான் பாடு. உன் முறை வந்தால் இடம் உன்னுடையது. அன்றைக்கு நீ போகாவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும், போனது போனதுதான். எல்லாரும் பார்த்து முடித்ததும் சுற்று மறுபடியும் ஆரம்பிக்கும். பாடு சில ஊர்களுக்கு, அந்த ஊர்களில் சில குடும்பங்களுக்கு மட்டும்தான் உண்டு. அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். பாடு இருக்கிற வீட்டில் பெண் கொடுக்கப் போட்டி.

எங்கள் வீட்டுக்குப் பாடு இல்லை. வலையும் இல்லை, படகும் இல்லை. இருந்தது பனையோலையில் முடைந்த பறி. அந்தக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடித்து அதில் போட வேண்டும். நைனாவும் அம்மாவும் அதைத்தான் செய்தார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். நல்ல இடத்தில் வலைக்காரர்கள் இருந்தால் நாங்கள் ஒதுங்கி, அவர்கள் வேண்டாம் என்று விட்ட கரையோரத்தில் தடவுவோம்.

அந்த வருஷம் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடலும் ஏரியும் சேருகிற வாயில் மணல் மேடு போட்டுவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, அதோடு இறாலும் வரவில்லை. ஏரி வற்றிக் கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. பாடுக்காரர் வீடுகளிலேயே அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பக்கத்துக் காட்டூர் வயல்களில் நடவு ஆரம்பித்ததும் நானும் அம்மாவோடு நாற்று நடப் போக வேண்டும், பள்ளிக்கூடம் அதோடு சரி என்று நைனா சொல்லிவிட்டார். கோபமாகச் சொன்னால்கூட அழுது புரண்டு மாற்றியிருப்பேன். கஞ்சி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எட்டாவதில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். நான் டச்சுக்காரனிலிருந்து ஆரம்பித்தேன். அவன் செத்துக் கல்லறைக்குள் போய் எத்தனை காலம் ஆச்சு, அவனைப் படித்து என்ன ஆகப்போகிறது என்றார். தையல் என்றேன். என் பித்தான் ஓட்டையை அம்மா எடுத்துக் காட்டினாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். ஏன் வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மத்தியானம் கோதுமைச் சோறு போட்டார்கள், அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். ஆனால் சோற்றுக்காக மட்டும் ஒரு பிள்ளை தினமும் உப்பு மணலில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடக்காது. அங்கே என் பேரைக் கூப்பிட்டார்கள். காலையில் சிஸ்டர் பேர் வாசிக்கும்போது ‘உள்ளேன் சிஸ்டர்’ என்று எழுந்து நிற்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். எங்கள் குடிசைப் பக்கம் எல்லாரும் எல்லாரையும் ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தச் சமயத்தில்தான் நுண்ணோக்கி வந்தது. கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பால்பவுடர் டின்களோடு ஒரு மரப்பெட்டி. திறந்தால் வைக்கோலுக்கு நடுவில் பித்தளைக் குழாய். சிஸ்டர் அதை மேசை மேல் வைத்துத் துடைத்த விதத்தைப் பார்த்து, ஏதோ சொரூபம் வந்திருக்கிறது என்று நினைத்துப் பின்பெஞ்சில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். புத்தகத்தில் செல் என்று ஒரு பாடம் இருந்தது. எல்லா உயிரும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது என்று அதில் எழுதியிருந்தது. அதை நாம் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். வெங்காயத் தோலை இதற்கு அடியில் வைத்தால் அந்த அறைகள் தெரியும் என்றார் சிஸ்டர்.

ஆனால் இருப்பது ஒன்று, உடைந்தால் வேறு கிடையாது. அதனால் ரேங்க் வாங்குகிற மூன்று பேர் மட்டும் பார்க்கலாம், மற்றவர்கள் போர்டில் வரைகிற படத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். இப்போது யோசித்தால், அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பயம் அந்த அம்மாளுக்கு. அன்றைக்கு அது நமக்கு எப்படித் தெரியும்? நல்ல இடத்தை மூன்று பேரே வைத்துக்கொள்வதாவது என்று பாடுக்காரர் பிள்ளைகளுக்கு ரத்தம் கொதித்தது. ஏரியில் எவ்வளவு பெரிய கொம்பனுக்கும் அது நடக்காது.

மத்தியானம் பூவரச மரத்துக்குப் பின்னால் தலைவர் ஊர்க்கூட்டம் போட்டார். காலி பால்பவுடர் டின் வந்தது. சீட்டு எழுதினார்கள். ஊரில் செய்கிற மாதிரியே அப்பா பேர்தான் எழுதினார்கள். பெண்கள் சண்டை பிடித்து, தங்கள் அப்பா பேரில் தங்களுக்கும் வாங்கிக்கொண்டார்கள். சீட்டு எடுக்கச் சூதுவாது தெரியாத கை வேண்டுமே, அதற்காக ஒன்றாம் வகுப்பிலிருந்து மூக்கு ஒழுகுகிற ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் போய் எனக்கும் எழுதச் சொன்னேன்.

“உங்களுக்கு ஏரியிலயே பாடு இல்லியே, அப்புறம் எப்படி எழுதறது?” என்றார் தலைவர். கேலியாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. கேலி செய்திருந்தால் மண்ணை வாரி மூஞ்சியில் போட்டிருப்பேன்.

நான் விடாமல் கெஞ்சிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்போதுதான் சிஸ்டர் வந்தார். வட்டமாகக் குந்தின பையன்கள், நடுவில் டின், சுருட்டின சீட்டு, இது போதாதென்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை. கோயில் வளாகத்தில் சூதாட்டம் என்று முடிவு கட்டிவிட்டார். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து மர ஸ்கேலால் உள்ளங்கையில் அடி. எனக்கும் விழுந்தது. சீட்டில் பேர் இல்லை, அடியில் மட்டும் பேர். நாளைக் காலை எல்லாரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

வீட்டில் சொன்னதும் நைனா திட்டவில்லை. “சரி, நல்லதாப் போச்சு. நாளைக்கு வந்து சொல்லிட்டு உன்னை இட்டாந்துர்றேன்” என்றார். காட்டூரில் வரப்பு வெட்டி நீர் பாய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் வகுப்பறை முழுக்க அப்பாக்கள். பாடுக்காரர்கள் சட்டை போட்டு, தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சூதாட்டம் என்று சிஸ்டர் ஆரம்பித்ததும் தலைவரின் அப்பா எழுந்தார். ஊரில் பெரிய தலைக்கட்டு, பேச்சில் கெட்டிக்காரர். பிள்ளைகள் ஆடியது சூதாட்டம் இல்லை, பாடு என்று ஆரம்பித்து, ஏரியில் அது எப்படி நடக்கிறது, அது இல்லாவிட்டால் எத்தனை வெட்டுக்குத்து நடந்திருக்கும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் தன் நெற்றியில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். வலது பக்கத்துச் சண்டை இப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது. பிள்ளைகளை அடித்தது தப்பு என்று அத்தனை அப்பாக்களுக்கு முன்னால் சொன்னார். ஒரு ஆசிரியை அப்படிச் சொல்லி அதுவரை நாம் கேட்டதில்லை. பிறகு, இனிமேல் ரேங்க் கிடையாது, நுண்ணோக்கிக்கும் பாடு, தினம் ஒருவர், சீட்டு இப்போதே போடலாம் என்றார்.

டின் வந்தது. சிஸ்டருக்கு யார் வீட்டுக்குப் பாடு உண்டு, யார் வீட்டுக்கு இல்லை என்று எப்படித் தெரியும்? தினமும் வாசிக்கிற பேர்களையே வரிசையாக வாசித்து, ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதிப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா பேர் இல்லை, அவரவர் பேர். என் பேரையும் வாசித்தார். பழக்கத்தில் ‘உள்ளேன் சிஸ்டர்’ என்றேன்.

தலைவரின் அப்பா துண்டைத் தோளில் சரி செய்துகொண்டார். “சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு பாடு கெடையாது.”

“ஏன்?”

“அவங்க கையால தடவறவங்க. இன்னிக்கு இங்க குடுத்தீங்கன்னா நாளைக்கு ஏரியிலயும் கேப்பாங்க.”

சிஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற நைனாவையும் பார்த்தார். “ஏரியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பிள்ளை தினமும் வருது, நான் கூப்பிட்டா எந்திரிச்சு நிக்குது. இந்த வகுப்புல பாடுக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டுச் சீட்டைச் சுருட்டி டின்னுக்குள் போட்டார்.

உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை, தலைவரே. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சபைக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த மனுஷன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தது. என் சீட்டு கடைசியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. எல்லாருக்கும் பிறகு, கிட்டத்தட்டக் கடைசியாக என் முறை.

என்னைக் கூட்டிப் போக வந்த நைனா அந்த நிலையை விட்டு அசையவே இல்லை. எல்லாரும் கலைந்த பிறகு சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இன்னிக்கு எடுத்த சீட்டு மாறாதில்லமா?”

மாறாது என்றார் சிஸ்டர். நைனா தலையாட்டினார். என்னை வீட்டுக்கு வா என்று கூப்பிடாமல் திரும்பி நடந்துபோனார். நான் வகுப்பில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் எங்கள் குடிசைப் பக்கம் முழுக்கச் சேதி பரவியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நம் வீட்டுக்குப் பாடு விழுந்திருக்கிறது, பெரிய தலைக்கட்டு எதிர்த்தும் சிஸ்டரம்மா சீட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நைனா ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். எதற்குப் பாடு என்று கேட்டவர்களுக்கு அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏதோ குழாய் என்றாராம். நுண்ணோக்கியாவது கிண்ணோக்கியாவது, அவருக்கு அது முக்கியமே இல்லை. ஏரியில் எந்தக் காலத்திலும் வராதது மேட்டில் வந்துவிட்டது. வந்த பாடு போகட்டும் என்று பெண்ணை நாற்று நட அனுப்புகிற கிறுக்கன் உண்டா?

அம்மாவுக்குக் கோபம். “குழாய்ல பாத்தா சோறு வருமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். காட்டூர் நடவுக்கு அவள் தனியாகப் போய் வந்தாள். ராத்திரி அவள் காலில் சேற்றுப்புண்ணுக்கு நான் மஞ்சள் அரைத்துப் போடுவேன். அவள் காலை இழுத்துக்கொள்ளாமல் காட்டுவாள்.

நைனா தினமும் சாயங்காலம் இன்று யார் பாடு என்று கேட்பார். சொல்வேன். என்ன தெரிந்ததாம் என்பார். அவர் கேட்பதற்காகவே நான் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பிடித்து விசாரித்து வைத்துக்கொள்வேன். நீங்கள் விட்ட புளுகெல்லாம் அப்படித்தான் எங்கள் வீடு வரை வந்தது. வெங்காயத்துக்குள் ஒரு கோட்டை தெரிந்தது, டச்சுக்காரன் கட்டினதுதான் என்று ஒருத்தன் சொன்னான். அதை நைனா பல நாள் நம்பினார்.

எனக்கோ ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். என் முறை முடிந்துவிட்டால் நைனா என்னை எதற்காகப் பள்ளிக்கூடத்தில் விட்டுவைப்பார்? பாடு பார்த்தாயிற்று, வா வேலைக்கு என்பார். என் பேர் கடைசியில் ஒட்டிக்கொண்டதற்கு அந்த மூக்கொழுகிப் பிள்ளைக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வடக்கேயிருந்து ஆற்றுத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பி, ஒரு நாள் விடிவதற்குள் முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாய்ந்தது. ஊரே அதற்காகத்தான் காத்திருந்தது. வாய் திறந்தால் இறால் ஓடும். பல மாசமாகக் காய்ந்த வயிறுகள் அத்தனையும் தண்ணீரில் இறங்கின. வலைக்காரர்கள் வலையோடு, நாங்கள் பறியோடு. சின்னப் பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தரும் கரையில் இல்லை.

எனக்குப் பாடு விழுந்த நாளும் அதுதான்.

அம்மா எனக்கும் ஒரு பறியை எடுத்து வைத்துவிட்டாள். இந்த ஒரு நாள் பிடிப்பில் வீட்டுக்கு மாசக் கஞ்சி இருக்கிறது, இன்றைக்குப் போய்ப் பள்ளிக்கூடமா என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானே பறியைக் கையில் எடுத்துவிட்டேன். போகாவிட்டால் என் முறை பாக்கி நிற்கும், பாக்கி நின்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு தப்புக் கணக்கும் ஓடியது.

நைனா என் கையிலிருந்து பறியைப் பிடுங்கினார். “எறாலு நாளைக்கும் ஓடும். பாடு தவறிச்சுன்னா அடுத்த ஆளுக்குப் பூடும். நீ போ.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடிசைக்குள் போய் எதையோ எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“சின்ன வெங்காயந்தான் கீது. அதுல தெரியுமா பாரு.”

வீட்டில் இருந்த ஒரே வெங்காயம் அது. வழியெல்லாம் அதை மூடின கையைத் திறக்காமல் நடந்தேன். நல்ல அம்மா எனக்கு.

வகுப்பில் சிஸ்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பாடுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பாவோடு வலைக்குப் போய்விட்டீர்கள். ஏரியில் பாடு இல்லாத வீட்டுப் பெண் நான் மட்டும் என் முறைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். இன்றைக்குக் காலை முழுக்க உனக்குத்தான் என்றார்.

சின்ன வெங்காயத்தில் தோல் உரிப்பது லேசில்லை. கிழிந்து கிழிந்து போனது. சிஸ்டர் ஊசியால் மெல்ல எடுத்துக் கண்ணாடியில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். குனிந்து பார்த்தேன். கறுப்பாக முள் முள்ளாக ஆடியது. தெரிகிறது, தெரிகிறது என்று கத்தினேன். அது என் இமைமுடி. மறுபடி பார்த்தேன். அழகான வட்டம் வட்டமாக இருந்தது. அதைப் பார்த்துத் தாளில் வரைந்துவிட்டேன். அது காற்றுக் குமிழி என்றார் சிஸ்டர். அப்புறம் அவர் பக்கத்துத் திருகை எங்கேயோ திருப்பினார்.

வந்தது. கட்டம் கட்டமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும் அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு புள்ளி. புத்தகம் சொன்னது பொய் இல்லை. யாரோ எங்கேயோ எழுதி வைத்தது, எங்கள் குடிசையிலிருந்து கொண்டுபோன வெங்காயத்துக்குள் அப்படியே இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அழுதுவிட்டேன். கண்ணீர் பட்டால் கண்ணாடி கெட்டுப்போகும் என்று சிஸ்டர் கைக்குட்டையைக் கொடுத்தார். பன்னிரண்டு மணி அடிக்கிறவரை நான் எழுந்திருக்கவே இல்லை.

நான் பெரிய விஞ்ஞானி ஆனேன் என்று எழுதினால் மலருக்கு எடுப்பாக இருக்கும். ஆகவில்லை. பொன்னேரி கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றேன், அது உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் தாவாவை நான்தான் டைப் அடித்தேன். அந்த வருஷக் கடைசியில் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பால் டின் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நுண்ணோக்கி லென்ஸ் இல்லாமல் ஏதோ பீரோவில் கிடப்பதாகச் சொல்கிறார்கள். என் தம்பி மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். லீவு நாளில் ஊர் ஊராகப் போய், கையால் பிடிக்கிறவர்களுக்கும் ஏரியில் இடம் வேண்டும் என்று பேசுகிறான். உங்கள் அப்பா சொன்னது பலித்துவிட்டது, தலைவரே, ஏரியிலும் கேட்கிறார்கள். போன ஊர்க்கூட்டத்தில் நீங்கள் அவனுக்கு நாற்காலி போடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இப்போது பள்ளிக்கூடத்தில் புது ஆய்வகம், இரண்டு பிள்ளைக்கு ஒரு நுண்ணோக்கியாம். சீட்டுப் போடவே வேண்டாம். தம்பி மகனுடைய மகள் அங்கேதான் எட்டாவது படிக்கிறாள். வெங்காயத் தோல் ‘போர்’ என்கிறாள். அப்படிச் சொல்கிற இடத்துக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு நேராக ஏரிக்குப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது. நைனாவும் அம்மாவும் காலையில் இறங்கின இடத்திலேயே, பல்லில் பறிக் கயிற்றோடு குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பறியும் கனத்துத் தொங்கின. நான் கரையில் நின்றேன். காலையில் பார்த்த சந்தோஷமெல்லாம் வடிந்து, முடிந்துவிட்டது, நாளையிலிருந்து இந்தத் தண்ணீர்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

நைனா நிமிர்ந்து கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். “இன்னா தெரிஞ்சுது?”

“கட்டம் கட்டமா ரூம்பு நைனா. ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி.”

“வெங்காயத்துக்குள்ளயா?”

“ஆமா. அம்மா குடுத்த வெங்காயத்துக்குள்ள.”

அம்மாவுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல் இருந்தது, வாயில் கயிறு. கண் மட்டும் விரிந்தது. நைனா பறியில் இருந்த இறாலைக் கையால் அமுக்கிவிட்டார்.

“அடுத்த சுத்து எப்போ?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“எல்லாரும் பாத்து முடிச்சா மறுபடியும் மொதல்லேந்துதான வரணும்? பாடுன்னா அதான? ஒம்போதாவதுல வந்தாலும் சரி, பத்தாவதுல வந்தாலும் சரி, நம்ம மொற வர்றப்போ நீ அங்க இருக்கணும்.”

சொல்லிவிட்டுக் கயிற்றைத் திரும்பப் பல்லில் கடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவரால் பேச முடியாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் கிடந்த என் பறியை எடுத்துக் கயிற்றைப் பல்லில் கடித்து, அவர்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினேன்.